ஆலுவா கடுங்கல்லூர் வீட்டுக்கு

வண்டிப்பெரியாறு
ஆடி 4

அன்புள்ள செல்விக்கு அப்பா எழுதுறது.

இங்க நாங்க நல்லா இருக்கோம். உங்கம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. அஞ்சு நாளா விடாத மழை. நேத்து சாயங்காலம் பாலத்துல நின்னு பார்த்தேன், தண்ணி கரைக்குள்ளதான் போகுது. அதனால எங்களை நெனச்சுக் கவலைப்படாதே. ரெண்டு தடவை போன் போட்டேன், எடுக்கலை. ட்யூட்டியில இருந்திருப்பே. கடுதாசினா ட்யூட்டி முடிஞ்சு வந்து நிதானமா படிக்கலாம்னுதான் எழுதுறேன்.

முல்லைப் பெரியாறு இன்னிக்கு இத்தனை அடினு டிவியில ஓடுது. அதைப் பார்த்துட்டுக் கம்பத்துல இருந்து உன் சித்தப்பா கட்டாயம் உனக்குப் போன் பண்ணுவான். பதறாதே தாயி. அந்த அடிக்கணக்கு எங்களுக்குத்தான். அந்தந்த நேரத்துக்குக் குறிச்சு வச்சிருக்கிற மட்டத்தைத் தாண்டி ஷட்டரைத் தூக்கினா, தண்ணி வள்ளக்கடவு தாண்டி நம்ம ஊருக்கு வரும், சப்பாத்து, உப்புத்தறை, ஐயப்பன்கோவில் போய் இடுக்கி நீர்த்தேக்கத்துல விழும். அங்கே நின்னுடும். முல்லைப் பெரியாறு முழுசும் இடுக்கி கொள்ளுறதுல நாலுல ஒரு பங்குகூட வராது. இடுக்கியில இடம் இருக்கிற வரைக்கும் எங்க தண்ணி உன் வாசலுக்கு வராது. இடம் இல்லாமப் போனாத்தான் வில்லங்கம். அப்போ இங்க திறக்கிறது அப்படியே அங்கயும் திறந்தாகணும். 2018-ல நடந்தது அதுதான்.

அதனால நீ பார்க்க வேண்டியது செறுதோணியை. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல வளைஞ்சு நிக்கிற இடுக்கி அணையில ஷட்டரே கிடையாது. பக்கத்துல செறுதோணி அணையிலதான் அஞ்சு ஷட்டர் இருக்கு, இடுக்கித் தண்ணி ஆத்துல இறங்குற வாசல் அது ஒண்ணுதான். மூலமற்றத்துல கரண்ட் எடுக்கிற தண்ணி குளமாவு பக்கமாச் சுரங்கத்துல போய் தொடுபுழை வழியா மூவாற்றுப்புழை ஆத்துக்குப் போயிடும், ஆலுவாவுக்கு வராது. மழைக்காலத்துல மூலமற்றத்துல மெஷின் எல்லாம் முழுசா ஓடுதுனு கேள்விப்பட்டா உனக்கு அது நல்ல சேதி. அவ்வளவு தண்ணி உன் ஆத்தை விட்டு விலகிப் போகுதுனு அர்த்தம்.

இன்னொரு குழப்பம் கணக்குல வரும். தமிழ் நியூஸ்ல கன அடி சொல்லுவாங்க, மலையாள நியூஸ்ல கியூமெக்ஸ் சொல்லுவாங்க. ஒரு கியூமெக்ஸ்னா வினாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 35.3 கன அடி. நூறு கியூமெக்ஸ்னு கேட்டு இவ்வளவுதானானு இருந்துடாதே, அது மூவாயிரத்து ஐநூறு கன அடிக்கு மேல. 2018 ஆகஸ்ட் 9-ம் தேதி இருபத்தாறு வருஷம் கழிச்சு செறுதோணியில ஒரு ஷட்டரைச் சோதனைக்குத் தூக்கினாங்க. மறுநாளே அஞ்சையும் தூக்க வேண்டியதாயிடுச்சு. அடுத்த வாரம் வினாடிக்கு 15 லட்சம் லிட்டர் போச்சு, அதாவது 1500 கியூமெக்ஸ்.

அதுவும் செறுதோணித் தண்ணி மட்டும் கணக்கு. அதுக்குக் கீழே மூணாறு மலைத் தண்ணியெல்லாம் முதிரப்புழை ஆறு வழியா வந்து சேரும். நேரியமங்கலம் வரைக்கும் ரெண்டு பக்கமும் மலை நெருக்குறதால தண்ணி பரவ வழியில்லாம வேகமா உசரும். பூதத்தான்கெட்டுக்கு மேலயே இடமலையாறும் சேர்ந்துடும். பூதத்தான்கெட்டுல பதினஞ்சு ஷட்டர் இருந்தாலும் அது வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கிற அணை இல்லை, பாசனத்துக்குத் தடுக்கிற தடுப்புதான். மழைக்காலத்துல திறந்துதான் கிடக்கும். 1924-ல, மலையாள வருஷம் 1099-ஐ வச்சு அங்கே தொண்ணூத்தொன்பது வெள்ளம்னு சொல்வாங்களே, அப்போ இடுக்கியும் இல்லை இடமலையாறும் இல்லை. ஆனாலும் மூணாறு ரயில் பாதையே போச்சு, ஆலுவாவும் முங்குச்சு. அணை திறந்தாத்தான் வெள்ளம்னு நீயும் மாப்பிள்ளையும் நெனச்சுக்கிட்டு இருந்தா, அதை விட்டுடுங்க.

மலையாத்தூர், காலடி தாண்டினா ஆத்துக்கு இறக்கமே இல்லை. நம்ம ஊர்ல தண்ணி ராத்திரி வந்து விடியறதுக்குள்ள வடிஞ்சுடும், சரிவு அப்படி. உன் பக்கம் மெதுவா வந்து நாள்கணக்குல நிக்கும். நெடும்பாசேரி ஏர்ப்போர்ட்டை ஆகஸ்ட் 15-ல மூடி 29-லதானே திறந்தாங்க. ஆலுவாவுல ஆறு ரெண்டாப் பிரியுது, மங்கலப்புழை ஒரு பக்கம், மார்த்தாண்டவர்மா பாலத்துக்குக் கீழே போறது இன்னொரு பக்கம். நீ இருக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. மங்கலப்புழை கீழே போய்ச் சாலக்குடி ஆத்தோட சேருது. அந்த ஆறும் நிறைஞ்சு வந்தா இது தள்ளிக்கிட்டுப் போக முடியாது. அதே நேரத்துல கடல் தண்ணி உசர்ற வேலியேற்றம் இருந்தா ரெண்டும் நின்னுடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் அதிகம். காலண்டர்ல அந்த ரெண்டு நாளையும் சிவப்பு மையில வட்டம் போட்டு வை.

அப்புறம் ஒண்ணு, இதை மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு. ஆத்தங்கரையைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. தண்ணி முன்வாசல் வழியா வராது, பின்னாடி இருக்கிற தோடு, அதான் அந்தச் சின்ன ஓடை, அது வழியாத்தான் ஏறும். ஆறு உசந்துட்டா தோட்டுத் தண்ணி வடிய இடம் இல்லாம எதிர்த்து வரும். தோட்டுல பாசியும் இலையும் எந்தப் பக்கம் மிதக்குதுனு தினம் காலையில பார்க்கணும். ஆத்துப் பக்கம் போனா சரி. அசையாம நின்னா அன்னிக்கே பொருளை மேலே ஏத்தணும். வீட்டுப் பக்கம் வந்தாக் கிளம்பிடணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணு. இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழட்டி மேலே வை. கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழட்டி, சிலிண்டரைக் கயித்துல கட்டிப் போடணும், இல்லேனா மிதந்து போய் எதையாவது இடிக்கும். ஃபிரிட்ஜும் மிதக்கும், அதைக் காலி பண்ணிச் சாய்ச்சுப் படுக்க வச்சுடலாம். கக்கூஸ் வாயில மண்ணு மூட்டை வைக்கணும், செப்டிக் டேங்க் தண்ணி முதல்ல அது வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும். பத்திரம், ஆதார், பேரன் தடுப்பூசி அட்டை, உன் நர்சிங் சர்டிபிகேட் எல்லாம் ஒரே பையில போட்டு பிளாஸ்டிக்ல கட்டி இப்பவே ஆணியில மாட்டி வை. தண்ணி வந்தப்புறம் தேடக் கூடாது.

அலர்ட்டு விஷயத்துலயும் ஏமாறாதே. மழைக்குச் சொல்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வேற. அணைக்குச் சொல்ற நீலம், ஆரஞ்சு, சிவப்பு வேற. மழைக்குச் சிவப்புனா ஒரு நாள்ல 204.4 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும்னு சொல்றது. அணைக்குச் சிவப்புனா ஷட்டர் எந்த நேரமும் திறக்கலாம்னு சொல்றது. மலையில மழைச் சிவப்பும் அணைச் சிவப்பும் ஒரே நாள்ல வந்தா நீ லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வா. நைட் ட்யூட்டி நாள்ல பேரன் மாமியார்கிட்டத்தானே இருக்கான். யார் சொன்னாக் கிளம்பணும்னு அந்தம்மாகிட்ட முன்னாடியே பேசி வை. வண்டியில மைக் கட்டிக்கிட்டு முதல் தடவை சொல்றப்பவே கிளம்பணும். ரெண்டாவது தடவைக்குக் காத்திருக்கக் கூடாது.

நீ அந்த வீட்டை உன் சம்பளத்துல கட்டினதை இங்க எஸ்டேட் லயத்துல சொல்லாத ஆள் கிடையாது. கொழுந்து கிள்ளினவ மக ஆலுவாவுல மாடி போட வசதியா வீடு கட்டியிருக்கானு உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்றா. பால் காய்ச்சுக்கு நாங்க வராததைப் பத்தி இப்போ எழுதலை. நீ அனுப்பின போட்டோவைத் தினமும் எடுத்துப் பார்க்குறேன். பால் பொங்குது, நீ பட்டுச் சேலையில நிக்கிற, பேரன் மாமியார் இடுப்புல இருக்கான். உனக்குப் பின்னாடி ஜன்னல்ல பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவர் தெரியுது. அதுல காவி நிறத்துல ஒரு கோடு, உன் நெஞ்சு உசரத்துக்கு இருக்கு. எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அதுதான். நல்லா இருக்கும்மானு ஒரு வார்த்தை எழுதாம, சுவர்ல கோடு இருக்கேனு எழுதிட்டேன். அதுக்கு நீ பதில் போடலை.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் செல்வி. 2018 ஆகஸ்ட் 15 விடியக்காலையில நமக்கு யாரும் சொல்லலைனு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். சொன்னாங்க. மைக் வண்டி மேல் ரோட்டுல போனது என் காதுல விழுந்தது. உங்கம்மாவும் எழுந்து உட்கார்ந்தா. நான்தான், வருஷா வருஷம் இப்படித்தான் கத்துவாங்க, படுனு சொன்னேன். உன் சர்டிபிகேட் பெட்டி போனது அதனாலதான். நீ டூப்ளிகேட்டுக்கு அலைஞ்சதும், ஒரு வருஷம் போனதும் அதனாலதான். உங்கம்மா இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கலை. பயந்தவன் பேச்சுனு நெனச்சுக்கிட்டாவது முதல் தடவை சொல்றப்பவே கிளம்பு.

தண்ணி வந்து போனப்புறம் கிணத்தை ஒரேயடியா இறைச்சுக் காலி பண்ணாதீங்க. வெளி மண்ணு ஊறிக் கிடக்கும், உள்ளே தண்ணி இல்லேனா உறை உள்பக்கமாச் சரிஞ்சுடும். கொஞ்சம் கொஞ்சமா இறைக்கணும். அப்புறம் பிளீச்சிங் பவுடர் போடணும், வெள்ளத்துக்கு அப்புறம்னா ஆயிரம் லிட்டருக்கு அஞ்சு கிராம். கிணத்துக் குறுக்களவுல பாதியை அதாலயே பெருக்கி, 3.14-ஆல பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கு. எல்லாம் மீட்டர்ல. வர்றதை ஆயிரத்தால பெருக்கினா லிட்டர். ரெண்டு மீட்டர் குறுக்களவு, மூணு மீட்டர் தண்ணினா 9,420 லிட்டர், அதுக்கு 47 கிராம். பக்கெட்டுல முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டு மாவு மாதிரி கெட்டியாக் குழைச்சு, அப்புறம் முக்கால் பக்கெட்டு ஊத்திக் கலக்கி அஞ்சு பத்து நிமிஷம் வை. சுண்ணாம்பு அடியில தங்கிடும். தெளிஞ்ச தண்ணியை மட்டும் வேற பக்கெட்டுல எடுத்து, கயித்துல இறக்கி, கிணத்துக்குள்ள மேலும் கீழும் நல்லா ஆட்டு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும், குடிக்கக் கொதிக்க வைக்கணும். சேறு காயறதுக்குள்ள தரையைக் கழுவிடு, காஞ்சா விடாது. கழுவுறவங்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை எப்படினு உனக்குத்தான் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. பூட்ஸ் இல்லாம மாப்பிள்ளையைச் சேத்துல இறங்க விடாதே.

பூதத்தான்கெட்டு ஷட்டர் எத்தனை திறந்திருக்குனு தினம் பேப்பர்ல பார்த்துக்கிட்டு இருக்கேன்.

ஒரு வேலை மட்டும் செய். மாப்பிள்ளையை விட்டு அந்தக் காம்பவுண்ட் கோட்டுக்கும் உங்க வாசப்படிக்கும் டேப் வச்சு அளக்கச் சொல்லு. படியில இருந்து தோட்டுத் தண்ணி எத்தனை அடி கீழே இருக்குனும் அளக்கணும். லயத்துச் சுவர்ல நான் பெயிண்ட்ல கோடு போட்டு வச்சிருக்கேனே, அது மாதிரி தோட்டுக் கல்லுல அரை அடிக்கு ஒரு கோடு போட்டுட்டா ராத்திரி டார்ச் அடிச்சே பார்த்துடலாம். பேச நேரம் இல்லேனா போன் வேண்டாம். அந்த ரெண்டு நம்பரை மட்டும் அனுப்பு.

அப்பா