பூக்கல் எத்தனை வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை, வகுத்தல் வரவில்லை என்று உங்கள் இதழில் வாசகர்கள் அடிக்கடி வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 22 வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாய்ப்பாடும் வகுத்தலும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே ஒரு சாதாரணக் கணக்கின் முன்னால் தடுமாறி நிற்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

1980 வாக்கில் பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில், கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கேப்டனுக்கு வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த இரண்டு எண்ணையும் வைத்து ஏதோ ஒரு விடை எழுதிவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் அப்படி எழுதமாட்டார்கள் என்று நினைத்து, ஆறாம் வகுப்பில் நானும் கேட்டுப் பார்த்தேன். கானாடுகாத்தான் போகிற பஸ்ஸில் 32 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், 14 பேர் நிற்கிறார்கள், டிரைவருக்கு வயது என்ன? சிலர் 18 என்றார்கள், பலர் 46 என்றார்கள். ஒரு பெண் முதலில் 18 என்று எழுதி, அழித்துவிட்டு 46 என்று எழுதினாள். ஏம்மா மாற்றினாய் என்று கேட்டேன். "பதினெட்டு வயசுல கவர்மெண்ட் பஸ் ஓட்ட விடமாட்டாங்க டீச்சர்" என்றாள்.

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. அவளுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் கணக்குக்குள் கொண்டுவரவும் செய்தாள். ஆனால் கூட்டுவதா கழிப்பதா என்று முடிவெடுக்க மட்டும்தான் அது அவளுக்குப் பயன்பட்டது. இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தைரியத்தை அவளுக்குக் கொடுக்காதது நாங்கள்தான். பாடநூல் கணக்கில் தேவையான எண்கள் எல்லாம் இருக்கும், தேவையில்லாதது ஒன்றுகூட இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடத்தின் தலைப்பே சொல்லிவிடும். வருடக்கணக்கில் இப்படியே பழகிய பிள்ளை, இரண்டு எண்ணைப் பார்த்தால் உடனே எதையாவது செய்யத்தான் செய்யும்.

வீட்டிலும் கடையிலும் வயலிலும் வருகிற கணக்கு இப்படி வருவதில்லை. எதை அளப்பது, யாரிடம் கேட்பது, எதை விட்டுவிடலாம் என்பதிலேயே பாதி வேலை போய்விடும். மாதிரியாக்கம் என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். கண் முன்னால் இருக்கிற ஒரு விஷயத்தைக் கணக்காக மாற்றி, விடை கண்டு, அந்த விடை அதே இடத்தில் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குக்குத் தீர்வு காண்பதற்கு 1945இலேயே நான்கு படிகள் சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். எங்கள் வகுப்புகளில் மூன்றாவது படி மட்டும்தான் நடக்கிறது.

ஏழாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பரப்பளவு பாடம் முடிந்திருந்தது. கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். 12 அடிக்கு 14 அடி அறை, அதற்கு 10 அங்குலச் சதுர ஆத்தங்குடிப் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பதிக்க வேண்டும், எத்தனை கல் வாங்குவீர்கள்? நான்கு நான்கு பேராக உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் குழு அடியை அங்குலமாக்கி, பரப்பளவைப் பரப்பளவால் வகுத்து, 241.92 என்று எழுதியது. பக்கத்துக் குழு, கடைக்காரர் 0.92 கல் தரமாட்டார் என்று சொல்ல, அது 242 ஆனது. இன்னொரு குழு அப்படி வகுக்கவே இல்லை. 144 அங்குலத்துக்கு ஒரு வரிசையில் 14 கல் வைத்தால் 4 அங்குலம் மிச்சம், ஆக 15 கல் வேண்டும். 168 அங்குலத்துக்கு 17 வரிசை வேண்டும். 15ஐ 17ஆல் பெருக்கி 255 என்றார்கள்.

242 சரியா, 255 சரியா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண் தரையில் சாக்பீஸால் அறையை வரைந்துகொண்டிருந்தாள். முழுக்கல் 14க்கு 16, ஆக 224. ஒரு ஓரத்தில் 4 அங்குலத் துண்டு 17 வேண்டும். ஒரு கல்லை வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும், அதற்கு 9 கல் போதும். இன்னொரு ஓரத்தில் 8 அங்குலத் துண்டு 14, அதற்கு 14 கல். மொத்தம் 247. அவள் சொல்லி முடித்ததும் நான் கைதட்டிவிட்டேன்.

ஆனால் ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கல் பதிக்கும் கொத்தனார். "எங்கப்பா அப்படி வைக்கமாட்டாங்க டீச்சர். நடுவுல பூ வரணும். ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவா வெட்டணும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினா பார்க்கவே நல்லாருக்காது." இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் அகலவாக்கில் ஓரத்துக்கு 7 அங்குலத் துண்டும் நீளவாக்கில் 9 அங்குலத் துண்டும் வரும். வெட்டிய மிச்சம் 3 அங்குலமும் 1 அங்குலமும் எதற்கும் ஆகாது. ஆக மறுபடியும் 255. அதற்கு மேல் உடைசலுக்கென்று ஒரு பத்துப் பதினைந்து சேர்த்து வாங்கச் சொல்வாராம். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்கிற கல் அது, அடுத்த தடவை போய் வாங்கினால் நிறம் சேராது. இதையும் அவன்தான் சொன்னான். அதுவரை கணக்குப் பீரியடில் வாயே திறக்காத பையன்.

இதோடு முடியவில்லை. சாக்பீஸால் வரைந்த அந்தப் பெண் மறுநாள் ஒரு கேள்வியோடு வந்தாள். நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் பார்டர் விட்டு, உள்ளே ஒரு கல்லைக்கூட வெட்டாமல் பதிக்க முடியுமா? வகுப்பே போட்டுப் பார்த்தது. முடியாது. பார்டர் எவ்வளவு அகலம் வைத்தாலும் உள்ளே மிஞ்சுகிற இடத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 24 அங்குலமாகவே இருக்கும், 24ஐ 10 வகுக்காது. ஆனால் 8 வகுக்கும். 8 அங்குலக் கல் வாங்கினால் பார்டரே வேண்டாம், 18க்கு 21 என்று 378 கல் வெட்டாமலே உட்கார்ந்துவிடும். வகுபடும் தன்மையை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். அது எதற்கு என்று பிள்ளைகளுக்கு நிஜமாகவே புரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு நாள் மழைக் கணக்கு செய்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் வகுப்பறைக் கட்டடத்தின் கூரை 120 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் மழைக்கு 4,800 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 320 குடம். கூரைத் தண்ணீரை வீணாக்காமல் ஊருணிக்கும் கிணற்றுக்கும் அனுப்பிய ஊர்கள் நம்முடையவை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு இங்கே சொல்லிக்கொடுக்காமல் வேறு எங்கே சொல்லிக்கொடுப்பது?

இப்படி யோசித்துப் போடுகிற கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக் கடை நடத்த, போன பையன்கள் மாகாணி 1/16, முந்திரி 1/320 என்று பழைய பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனால் அவர்கள் தேர்ந்தது கடையின் பெட்டியடியில். எதிரே நிற்கிற ஆளுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எத்தனை நாளில் திரும்பும் என்று தாங்களே யோசித்துத்தான் தேர்ந்தார்கள். எனவே வாய்ப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் பூக்கல் கணக்கும் நகராது.

சரி, இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை? பூக்கல் கணக்குக்கு எனக்கு மூன்று பீரியட் ஆனது. அந்த வாரப் போர்ஷன் முடியவில்லை, பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் செயல்பாடுகளை வைத்து மதிப்பிடுவதற்கு, 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். செய்து பார்க்க, அளந்து பார்க்க இடம் கொடுத்த நல்ல மாற்றம் அது. நாளடைவில் பல இடங்களில் அது சார்ட்டும் தெர்மோகோலும் வெட்டி ஒட்டுவதாகச் சுருங்கிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து அம்மாக்கள் ஒட்டுகிறார்கள்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. ஒருமுறை தேர்வில் இதே மாதிரி தரைக்கல் கேள்வி வந்தது. விடைக்குறிப்பில் பரப்பளவை வகுத்து வரும் விடை மட்டுமே இருந்தது. ஓரத்தில் வெட்டுகிற கல்லையும் சேர்த்து, படம் போட்டு, காரணமும் எழுதியிருந்த ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் போட வழியில்லை. அந்தப் பிள்ளை விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நிஜத்துல வேற, பரீட்சையில வேறயா டீச்சர்?" என்று கேட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முக்கிய நோக்கம் என்கிறது. அதற்கு நான் கேட்பது இரண்டுதான். வாரத்தில் ஒரு பீரியடைப் போர்ஷனில் சேர்க்காமல் இப்படிப்பட்ட கணக்குக்கு விட்டுவிட வேண்டும். விடைக்குறிப்பில், தகுந்த காரணத்தோடு எழுதிய வேறு விடைக்கும் மதிப்பெண் வழங்கலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் பணம் செலவில்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கொத்தனார், தையல்காரர், ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற மாஸ்டர், தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு விற்கிற ஆச்சி, உங்கள் வேலையில் தினமும் வருகிற ஒரு கணக்கை உங்கள் ஊர்ப் பள்ளியின் கணக்கு வாத்தியாரிடம் போய்ச் சொல்லுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம். முடிந்தால் அந்த வகுப்பு நடக்கிற அன்றைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அந்தப் பையனின் அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கையில் நான்கு பூக்கல்லோடு எங்கள் வகுப்புக்கு வந்தார்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.