நாலு பேர் முன்னாடி சொன்னதுக்கு நாலு பேர் முன்னாடியே ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கழுத்துல ஆபரேஷன் ஆனதுல குரல் இன்னும் சரியா வரல, அதான் யாரு போனையும் எடுக்கல, கோவிச்சுக்கிடாதீங்க. குனியக் கூடாதுல்லா, அதனால போனை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஒத்த விரலாலதான் அடிக்கேன், கை கடுத்தா வச்சிட்டு மறுபடி எடுத்து, இப்பிடியே ரெண்டு நாளா எழுதுதேன். என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. வீட்டுக்கு வந்து இன்னைக்கு 9-வது நாள். கட்டைவிரல்ல காப்பி டம்ளரோட சூடு தெரியுது. போன மாசம் வரைக்கும் சாக்பீஸ் நழுவி விழுந்தது கூட தெரியாத விரல் இது. காலையில அந்தச் சூடு தெரிஞ்சதும் அழுதுட்டேன்.

மதுரையில இருந்து பாளையங்கோட்டை வரைக்கும் 150 கிலோமீட்டருக்கு மேல, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "டீச்சர், தூக்கப் போவுது, பிடிச்சுக்கிடுங்க"ன்னு முன்னாலேயே சொல்லி, மாட்டு வண்டி மாதிரி பைய ஓட்டிக் கொண்டாந்து சேத்த டிரைவர் அண்ணாச்சி, பத்தாம் வகுப்பு பேப்பர் திருத்துற வேலையில என் பங்கையும் சேத்து பாத்த ரெண்டு டீச்சர்ஸ், ராத்திரி முழிச்சிருந்து பிள்ளையைத் தூக்குற மாதிரி என்னை எழுப்பி உக்கார வச்ச எங்க வீட்டுல இவுக, எல்லாருக்கும் நன்றி. (எந்திரிக்கிறதுன்னா சும்மா இல்ல, கட்டை உருளுற மாதிரி உடம்பு பூரா ஒண்ணா ஒருக்களிச்சுத் திரும்பி, காலைக் கீழ விட்டு, கையை ஊனி எந்திரிக்கணும். அதுக்குள்ள தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல உயிர் போயிரும்.)

சாப்பாட்டு விஷயத்துல எங்க மைனிக்கும் அம்மைக்கும் தனியா சொல்லணும். ஆபரேஷன் முன்கழுத்து வழியாத்தான், உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிட்டுத்தான் எலும்புகிட்ட போவாங்களாம், அதனால தொண்டை வீங்கி, எச்சி முழுங்கினாலே ஒரு உருண்டை அடைச்சு நிக்கிற மாதிரி இருக்கும். அம்மை கருப்பட்டி போட்டு உளுந்தங்கஞ்சி, மைனி காரமே இல்லாம சொதி வச்சு அதுல சோத்தைக் குழையப் பிசைஞ்சு, எதிர்வீட்டுத் தம்பி தினம் மத்தியானம் நுங்கு. கத்திரி வெயில்ல அந்த நுங்கு தொண்டையில இறங்கும்போது இருந்த சுகத்தை என்னால சொல்ல முடியாது.

ஆனா நான் இதை எழுத உக்காந்தது வேற ஒருத்தங்களுக்காக. எங்க தெரு முனையில தைக்கிற டெய்லர் அக்கா.

கழுத்துல காலர் போட்டிருக்கேன்லா, கெட்டி காலர், முன்னாடி ஒரு பாகம் பின்னாடி ஒரு பாகம், ரெண்டு பக்கமும் ஒட்டுற பட்டை. 6 வாரத்துக்குக் கழட்டக் கூடாதுன்னுட்டாங்க, துடைக்க மட்டும் படுத்த வாக்குல ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட கழட்டி மாட்டலாம். கத்திரி வெயில்ல, அதுவும் நம்ம ஊர்ல, அந்த ஸ்பாஞ்சுக்குள்ள வேர்த்து ஊறி, தாடைக்குக் கீழயும் பிடரியிலயும் தோல் சிவந்து போச்சு. ராத்திரி வலியை விட அரிப்புதான் என்னைக் கொன்னுது. இவுக கைக்குட்டையை மடிச்சு வச்சுப் பாத்தாக, அது சுருண்டு ஒரு பக்கமா போயிரும்.

4-வது நாள் சாயந்தரம் அக்கா வந்தாங்க. தைக்கக் குடுத்திருந்த துணியைக் குடுக்கத்தான் வந்தது. வாசல்லயே நின்னு பாத்துட்டு, "என்ன டீச்சர் இப்பிடி வேர்த்து ஊத்துது, உள்ள துணி ஒண்ணும் வைக்கலியா"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்ல குரல் இல்ல. பேசாம உள்ள வந்து, கழுத்துல போட்டிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, என் மேல விரல் கூட படாம காலரை மட்டும் அளந்தாங்க. ஒரு பழைய நியூஸ் பேப்பரை வாங்கி, முன்பாகம் பின்பாகம்னு ரெண்டா வெட்டி, தாடை உக்காருற இடத்துல வளைவு எடுத்து, காலர் மேல வச்சுப் பாத்து, மறுபடி ஒரு கால் இஞ்ச் வெட்டி. அவ்வளவுதான், போயிட்டாங்க. எதுக்கு எடுக்காங்கன்னே எங்களுக்குப் புரியல.

மறுநாள் காலையில பால் வாங்குற நேரத்துக்கு ஒரு பையோட வந்து நிக்காங்க. உள்ள 6 ஜோடி. அவுக அப்பாவோட பழைய வேட்டியில தச்சது, துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆன துணி. "புதுத்துணின்னா கஞ்சி இருக்கும் சார், தோலை அறுத்துரும்"ன்னு இவுககிட்ட சொன்னாங்க. தையல் மடிப்பு ஒண்ணு கூட தோல்ல படாது, எல்லாம் காலர் பக்கமா திருப்பி இருந்துச்சு. முன்னாடி வைக்கிறதுக்கு ஓரத்துல ஒரு சின்ன சிவப்பு நூல், பின்னாடிக்கு நீல நூல், ராத்திரி தூக்கக் கலக்கத்துல இவுக மாத்தி வச்சிரக் கூடாதுன்னு. நான் அந்த சிவப்பு நூலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டோம், மெல்லிசு காட்டன் வைக்கலாம், சுருக்கம் விழாம இருக்கணும், ஈரமானா உடனே மாத்தணும்னாங்க. அன்னைக்கு ராத்திரிதான் வீட்டுக்கு வந்த பொறவு 4 மணி நேரம் சேந்தாப்புல தூங்கினேன். காசு குடுத்ததுக்கு "இதுக்கா சார்"னுட்டு செருப்பை மாட்டிட்டாங்க.

இப்ப நான் சொல்ல வேண்டியது. போன தீபாவளிக்கு முந்தின நாள், இதே அக்கா கடையில, கூட்டமா பொம்பளைங்க நிக்கும்போது, ப்ளவுஸ் சரியில்லன்னு நான் சத்தம் போட்டேன். "இத்தனை வருசமா தைக்கீங்க, ஒரு கழுத்து ஒழுங்கா வெட்டத் தெரியலியா"ன்னு கேட்டேன். அந்த வார்த்தையேதான். அவங்க ஒண்ணும் பேசாம ப்ளவுஸை வாங்கி மடியில வச்சுப் பிரிச்சாங்க. பொறவு நானும் மறந்துட்டேன். அந்த சிவப்பு நூலைப் பாத்த அன்னைக்கு ராத்திரி ஞாபகம் வந்துச்சு. அக்காவுக்கு ஞாபகம் இருக்கா இல்லியான்னு தெரியல, இருந்தாலும் காட்டிக்கிட மாட்டாங்க.

நேர்ல மன்னிப்பு கேக்க குரல் வரல. வந்தாலும் வீட்டுக்குள்ள ரகசியமா கேட்டா அது சரியா வராதுன்னு தோணுச்சு. நாலு பேர் முன்னாடி சொன்ன வார்த்தை அது. அன்னைக்குக் கடையில நின்னவங்கள்ல சில பேரு இதை வாசிப்பீங்க. அக்கா, நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிருங்க. உங்களை மாதிரி கழுத்து வெட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது.

இன்னொண்ணு. நேத்து அக்கா வந்திருந்தப்போ பேச்சுவாக்குல சொன்னாங்க, அவங்களுக்கும் வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதன்னு இருக்காம், ஊசியில நூல் கோக்க முடியலியாம், "வயசாகுதுல்லா டீச்சர்"னாங்க. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. எனக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது, நானும் வயசுன்னுதான் நினைச்சேன், 5-வது 6-வது எலும்புக்கு நடுவுல டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்கினது அது. அவங்களுக்கும் அதேதான்னு நான் சொல்லல, கையில நரம்பு அமுங்கினாலும் இப்பிடி வருமாம், டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஆனா 30 வருசமா மெஷின்ல குனிஞ்சே இருக்கிற கழுத்து. போன்ல பெரிய எழுத்துல டைப் பண்ணிக் காட்டினேன், திங்கக்கிழமை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், எங்க மைனி கூட வருவாக, மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு. கடையை யாரு பாப்பான்னு இழுத்தாங்க. ஒரு நாள் பூட்டிக் கெடக்கட்டும்னு அடிச்சுக் காட்டினேன். சரின்னுருக்காங்க.

தெருவுல இருக்கிறவங்க திங்கக்கிழமை துணி குடுக்க வராதீங்க, கடை லீவு.