அப்டேட்டுக்குப் பிறகு அடிக்காமல் போன லோ சுகர் அலாரம்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குளுக்கோஸ் சென்சார் ஆப்பில் இரவு அலாரம் ஒலிக்காதது, உங்கள் பதிலில் திருப்தி இல்லாதது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள என் மகள் உங்கள் நிறுவனத்தின் குளுக்கோஸ் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கிறாள். போன வாரம் ஓர் இரவு, தூக்கத்தில் அவளுக்கு சுகர் 48 வரை இறங்கியது. அலாரம் அடிக்கவே இல்லை. புகார் செய்ததற்கு, “சென்சாரை அழுத்திப் படுத்ததால் தவறான ரீடிங் வந்திருக்கலாம், வேறு சென்சார் அனுப்புகிறோம்” என்று பதில் எழுதியிருக்கிறீர்கள்.

வேறு சென்சார் எங்களுக்கு வேண்டாம். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆப்பில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் கோடு 70-க்குக் கீழே சரிந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் சிவப்புப் பகுதியிலேயே கிடக்கிறது. தற்செயலாக விழித்து நான் அவளைத் தொட்டபோது தலையணை உறை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டதற்கு நாக்குக் குழறியது. விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன், 51. உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அழுத்திப் படுத்தால் பொய்யான லோ காட்டும் என்பது எங்களுக்கும் தெரியும். சரி, பொய்யாகவே இருக்கட்டும், அப்போதும் அலாரம் அடித்திருக்க வேண்டுமே! லோ உண்மையா பொய்யா என்று விரலில் குத்திப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எங்களை எழுப்புவது உங்கள் ஆப்பின் வேலை. சென்சார் அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் உள்ள திசு நீரை. சுகர் வேகமாக இறங்கும்போது ரீடிங் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் வரும். அதற்கு மேல் அலாரமும் இல்லையென்றால் தூங்குகிற பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

காரணத்தையும் நாங்களேதான் தேடிக் கண்டுபிடித்தோம். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு, ஃபோன் செட்டிங்ஸில் உங்கள் ஆப்புக்கான நோட்டிஃபிகேஷன் அனுமதி ஆஃப் ஆகியிருந்தது. ஆனால் ஆப்பைத் திறந்தால் அலாரம் ‘ஆன்’ என்றே காட்டியது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். அலாரம் வேலை செய்யாது என்று தெரிந்திருந்தால் நாங்கள் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆன் என்று இருந்ததை நம்பித்தான் தூங்கினோம். “ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் நீங்கள்தான் செட்டிங்ஸைச் சரிபார்க்க வேண்டும்” என்று உங்கள் உதவி எண்ணில் எங்களிடம் சொன்னார்கள். தனியாக வாழும் முதியவர்களும் இந்த சென்சாரைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்வீர்களா?

அன்றிரவு ஆப் அலாரம் அனுப்ப முயன்றதா இல்லையா என்ற பதிவு எனக்கு வேண்டும். அனுமதி இல்லாமல் அலாரம் முடங்கியிருந்தால் ஆப்பைத் திறந்ததும் திரை முழுக்க எச்சரிக்கை வரும்படி மாற்றுங்கள். அந்த மாற்றம் வரும்வரை, இந்த அப்டேட்டைப் போட்ட எல்லோருக்கும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் விஷயத்தைத் தெரியப்படுத்துங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம், இன்றிரவும் யாரோ அந்த ‘ஆன்’ என்பதை நம்பித் தூங்கப்போகிறார்கள்.

பதிலை எழுத்து மூலம் அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்குள் வராவிட்டால், வரைபடத்தின் படங்களுடன் மருத்துவச் சாதனங்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்பிடம் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சென்சாரைப் பயன்படுத்தும் சிறுமியின் தாய்