பார்த்து வரையட்டும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பிக்கும் பெற்றோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டம், தேர்வு, சக வயதினரின் தோழமை எனப் பலவற்றையும் விரிவாக அலசிய அக்கட்டுரை, ஓவியத்தைப் பாடங்களுக்கிடையே இளைப்பாறும் வேளையாக மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. இயற்கையைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த ஓவியத்தைவிட எளிய, செலவு குறைந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு பிள்ளையிடம் எறும்பை நினைவிலிருந்து வரையச் சொல்லிப் பாருங்கள். மூன்று உருண்டைகளைப் போட்டு, அவற்றுள் பெரிதான வயிற்றிலிருந்தே கால்களை நீட்டிவிடும். கால்கள் நான்கா, எட்டா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. பிறகு சிறிது சர்க்கரையை வைத்து, மொய்க்கும் எறும்புகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து மறுபடியும் வரையச் சொல்லுங்கள். ஆறு கால்களும் நடுப்பகுதியான மார்பிலிருந்தே புறப்படுவதும், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருப்பதும், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே மிக மெல்லிய இடுப்பு ஒன்று இருப்பதும் யாரும் சொல்லித் தராமலேயே தாளில் வந்து சேரும். 'பூச்சிகளுக்கு ஆறு கால்கள்' என்று பலமுறை எழுதிப் பழகிய பிள்ளைக்குக்கூட, அந்தக் கால்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்ற கேள்வி எழுந்திருக்காது. எழுத்தில் அதைத் தொடாமலேயே கடந்துவிடலாம். வரையும்போது அதற்கு விடை காணாமல் அடுத்த கோட்டைப் போட முடியாது.

பார்க்காமல் வரைவதன் விளைவுக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1515இல் லிஸ்பன் நகருக்கு வந்திறங்கிய காண்டாமிருகத்தை நேரில் காணாமல், பிறர் எழுதிய வர்ணனையையும் ஒரு கோட்டோவியத்தையும் மட்டுமே நம்பி மரச்செதுக்குப் படம் ஒன்றை உருவாக்கினார். உடல் முழுவதும் இரும்புக் கவசம் பூட்டியது போன்ற தகடுகளோடும், உண்மையான விலங்குக்கு இல்லாத, தோளுக்கு மேல் முளைத்த ஒரு சிறு கொம்போடும் அமைந்த அந்த விலங்கைத்தான் ஐரோப்பியர் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காண்டாமிருகம் என்று நம்பிவந்தனர். படம் என்னவோ கொள்ளை அழகு!

இதற்கு நேர்மாறானவர் மரியா சிபில்லா மெரியன் (1647–1717). பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவர், ஓவியரான மாற்றாந்தந்தையிடம் வீட்டிலேயே ஓவியம் பயின்றவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கியவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்ற நம்பிக்கை முற்றிலும் விலகாத அக்காலத்தில், முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி ஆகியவற்றையும் புழு தின்னும் செடியையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டினார். 1699இல், தம் 52ஆம் வயதில், இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்கே கப்பலேறிச் சென்று வரைந்தார். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது என்பதை உயிருள்ள புழுவை வளர்த்துப் பார்த்தவரால்தான் வரைய முடியும்.

வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு இதற்கான கால அவகாசம் தாராளமாகவே இருக்கிறது. வகுப்பு முடிந்ததென மணி அடிக்காத வீட்டில், ஒரே கிளையை மொட்டு முதல் காய் வரை வாரந்தோறும் வரையலாம். இதழ்கள் உதிர்ந்த இடத்தில் சூலகம் பருத்துக் காயாவதை அப்படித் தொடர்ந்து வரைந்த பிள்ளைக்கு, பூவின் பாகங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. நிலவை மாலைதோறும் ஒரே நேரத்தில் வரையும் பிள்ளை, முழுநிலவு கழிந்ததும் அதைக் காணாமல் தேடும். நிலவு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது என்று அப்போது சொன்னால், அது ஏன் என்று தானே கேட்கும். ஐந்து வயதுத் தம்பியும் பன்னிரண்டு வயது அக்காவும் ஒரே பூவின் முன் அமர்ந்து அவரவர் அளவில் கற்கலாம் என்பதும் சிறு வசதியல்ல.

ஆனால் பல வீடுகளில் ஓவியம் என்பது அச்சிட்ட வெளிக்கோட்டுக்குள் நிறம் நிரப்புவதாகவே முடிந்துவிடுகிறது. அடிமரத்துக்குப் பழுப்பு, இலைக்குப் பச்சை என்று முன்பே முடிவாகிவிட்ட தாளில், பிள்ளை பார்த்து அறிய எதுவும் மீதமில்லை. தளிரையும் முதிர்ந்த இலையையும் அருகருகே வைத்து, அந்த இரண்டு பச்சைகளையும் கலந்து உருவாக்கச் சொன்னால் அரை நாள் போதாது. வரைந்து முடித்ததும் 'அழகாக இருக்கிறது' என்று பாராட்டிவிட்டு எழுந்துபோவதைவிட, 'இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா?' என்று கேட்டால் பிள்ளை மீண்டும் செடியிடம் போகும். பிள்ளையின் தாளில் பெரியவர்கள் திருத்தம் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிழையான படத்தை அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றை வரையட்டும். தேதி, நேரம், அளவுகோலால் எடுத்த நீளம் ஆகியவற்றையும் குறித்து வைக்கட்டும். பிள்ளை என்ன கற்றது என்று கேட்போருக்குக் காட்ட, அந்தக் குறிப்பேட்டைவிடத் தெளிவான ஆவணம் வேறு தேவைப்படாது. தமக்கு வரையத் தெரியாது என்று தயங்கும் பெற்றோர், கூடவே அமர்ந்து தாமும் வரைந்தால் போதும்.

ஒளிச்சேர்க்கை போன்ற கண்ணுக்குத் தெரியாத நிகழ்வுகளுக்குச் சோதனையும் விளக்கமும் வேண்டும். அந்த இடத்தை ஓவியம் நிரப்பிவிடும் என்று நான் வாதிடவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் வண்ணம் தீட்டுவதற்கென வெளியிடும் படத்துக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு வாரமாவது வெற்றுக் கட்டம் ஒன்றையும், அதன் கீழே 'எறும்பின் கால்கள் எங்கிருந்து தொடங்குகின்றன? பார்த்து வரைந்து அனுப்புங்கள்' என்ற வரியையும் அச்சிட்டு, வந்து சேரும் படங்களைப் பிழைகளோடு அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தாய் ஒருவர்