நகைப்பட்டறை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

இன்று காலை குளச்சலில் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினோம். ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, அடிப்பலகையையும் மூட்டுகளையும் கையால் தடவிப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

போன மாதம் தண்ணீர் புகாமலிருக்க வள்ளத்தில் நான் பூசிய எபாக்சி ரெசின், கண்ணளவில் கலந்ததால் இறுகாமல் பிசுபிசுத்து, சுரண்டி எடுக்க வேண்டியதாகிப் போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி பேசப்போவதில்லை. பேச வேண்டியது அண்ணாச்சியைப் பற்றி.

எனக்கு பாலியெஸ்டர் ரெசினில் பழகிய கை. அதில் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும், கண்ணளவே போதும் என்று வேலை செய்தவன் நான். எபாக்சி அந்தக் கதையே இல்லை. நான் வாங்கியது எடையில் 100க்கு 10. 150 கிராம் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 15 கிராம். அதில் 3 கிராம் பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு போச்சு. கூடுதலாக விட்ட ஹார்டனர் வேகமாக இறுக்கிக் கொடுக்காது, சேர ஜோடி இல்லாமல் உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். இது புத்தியில் ஏறியபின் தராசு தேடி அலைந்தேன். மீன் நிறுக்கும் தராசில் 15 கிராமைக் காட்டவே வழியில்லை.

அண்ணாச்சியிடம் நான் கேட்கக்கூட இல்லை. டீக்கடையில் பேசியது காதில் விழுந்து, தங்கம் நிறுக்கும் தராசைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவராகவே சாயங்காலம் 4 மணிக்கு வந்து நின்றார். "தராசை விட்டுட்டுப் போகமாட்டேன் மக்கா, நானே இருந்து நிறுத்துத் தாறேன்" என்றார். பகல் சூட்டில் பூசினால் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வரும், வெயில் இறங்கி மரம் ஆறும்போதுதான் பூச வேண்டும் என்று அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். அவர் பட்டறையை அடைத்துவிட்டு வந்திருந்தார்.

கடல்காற்றில் தராசு எண் நிற்கவே இல்லை. ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதற்குள் தராசை வைத்து, முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கடைசிச் சொட்டுகளை உறிஞ்சுகுழலால் விட்டார். 14.80 போதும் அண்ணாச்சி என்றேன். காதிலேயே வாங்கவில்லை, 15.00 வந்தபிறகுதான் கிண்ணத்தை நீட்டினார். அந்தத் தராசில் 300 கிராமுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் சின்னச் சின்னக் கிண்ணமாகவே கலக்க வேண்டியிருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று, மொத்தமாகக் கலந்திருந்தால் அந்த வெக்கையில் கிண்ணத்திலேயே சூடேறிக் கெட்டியாகியிருக்கும்.

பலகை மேல் விரித்த வெள்ளைக் கண்ணாடியிழைத் துணி மேல் ரெசினை ஊற்றித் தள்ளத் தள்ள, நெசவு கண்ணுக்கு முன்னால் மறைந்து அடியில் பலகையின் ரேகை தெளிந்து வரும். எங்கே வெள்ளையாக நிற்கிறதோ அங்கே துணி இன்னும் குடிக்கவில்லை. அக்கா மகன் மொபைல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாகக் காட்டினான். முதல் பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே இரண்டாவது, அது அதே பதத்துக்கு வந்ததும் மூன்றாவது. அப்படிச் செய்தால் நடுவில் தேய்க்க வேண்டாம், ஒன்றோடொன்று கலந்து பிடித்துக்கொள்ளும். அதனால் எழுந்து போக முடியாத வேலை. இரவு ஒரு மணிவரை 31 கிண்ணம். ஒவ்வொன்றின் எடையையும் நேரத்தையும் ஒரு பிளைவுட் துண்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் தடம் விழவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

கொச்சியிலிருந்து துணியை மடிக்காமல் சுருட்டியபடியே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தம்பிக்கு, துணி வெட்டுகிற நல்ல கத்திரியைத் தயங்காமல் கொடுத்த தையல்கடை அக்காவுக்கு, கையுறைப் பெட்டி தந்த நர்ஸ் அக்காவுக்கு, சுரண்டவும் வள்ளத்தைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் ஓடி வந்த தெருக்காரர்களுக்கு, விடிய விடியக் கட்டஞ்சாயா போட்ட அம்மாவுக்கு நன்றி.

இனி என் கையால் கண்ணளவில் ஒரு கிண்ணம்கூடக் கலக்க மாட்டேன். யாராவது எபாக்சி எடுத்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், தராசோடு வந்து முடியும்வரை உட்காருவேன்.

அந்தப் பென்சில் எழுத்துப் பலகையை வள்ளத்துக்குள், நான் உட்காரும் பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். அண்ணாச்சி, இத்தனை வருடம் கடல் பக்கத்திலேயே இருந்தும் வள்ளத்தில் ஏறினதே இல்லை என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்குப் போகமாட்டோம். பூசை முடிந்ததும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன்.