அப்பாவாக விரும்புகிறவரிடம் கல்யாணச் சான்று கேட்கும் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாடகைத் தாய் சட்டம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் போன இதழில் ஒரு வாசகர் மறுப்பு எழுதியிருந்தார். ‘ஆம்பிளை தனியாகப் பிள்ளை வளர்த்துவிட முடியுமா, அதிலும் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து குடும்பமா?’ என்று கேட்டிருந்தார். மண்டபம் ஒன்றியத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவமும் தடுப்பூசியுமாகவே காலம் போனது. அதனால் எனக்கும் இதில் சொல்ல ஏதோ இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கும் வாடகைத் தாய் சட்டத்தின்படி, மருத்துவக் காரணம் உள்ள கணவன் மனைவி இந்த வழியில் குழந்தை பெறலாம். தனி ஆள் என்றால், 35 முதல் 45 வயதுக்குள் இருக்கும் விதவையோ விவாகரத்தான பெண்ணோ பெறலாம். மனைவியை இழந்தவருக்குக் கிடையாது. கல்யாணம் ஆகாத ஆணுக்கும், இன்னொரு ஆணோடு வாழ்கிறவருக்கும் கிடையாது. கூடவே வந்த கருத்தரிப்பு மையச் சட்டத்தில், 21 வயது தாண்டிய பெண் தனியாகப் போய் விந்து தானம் பெற்றுக் குழந்தை பெற வழி இருக்கிறது. ஆண் தனியாகப் போய் கருமுட்டை தானம் கேட்டால் வாசலோடு திருப்பி அனுப்பத்தான் வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆணுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், தத்தெடுப்பு என்று வந்தால் இதே அரசு தனி ஆணுக்குக் குழந்தை கொடுக்கிறது. பெண் குழந்தையைக் கொடுக்காது, ஆண் குழந்தையைக் கொடுக்கும். அப்படியானால் தனி ஆளாக ஒருவர் பிள்ளை வளர்க்க முடியும் என்று அரசே ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாம்பன் பக்கம் ஒருவர். மனைவி பிரசவம் முடிந்த கொஞ்ச நாளிலேயே தவறிவிட்டார். இழுவைப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இராத்திரி பிள்ளையை யார் பார்ப்பது என்று கடல் தொழிலை விட்டுவிட்டுக் கரையில் வலை பொத்தும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசி போடும்போது தொடையை ஆடாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் காட்டினேன். பத்தாவது வாரம் நான் சொல்லும் முன்பே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற அம்மாக்கள் ‘காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு அண்ணே’ என்று அவரிடம் கேட்டார்கள்! அந்தப் பெண் இப்போது காலேஜ் படிக்கிறாள். நம் கடற்கரையில் பாதிப் பிள்ளைகளை அப்பத்தாவோ அம்மாச்சியோதான் வளர்க்கிறார்கள். கீழக்கரைப் பக்கம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பா என்றால் அலைபேசியில் தெரியும் முகம். அதையெல்லாம் குடும்பம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளை ஆசை பெண்ணுக்கு மட்டும்தான் என்பதும் சரியில்லை. திருப்புல்லாணி பெருமாள் கோயிலுக்குத் தசரதன் பிள்ளை வரம் கேட்டு வந்ததாகத்தான் தலபுராணம். அங்கே பிள்ளை வேண்டிப் பாயசப் பிரசாதம் வாங்க நிற்கும் ஆண்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

உச்சிப்புளிக்காரப் பையன் ஒருவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சென்னையில் இன்னொரு பையனோடு குடும்பமாக இருக்கிறான். பிள்ளை வேண்டும் என்று ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போயிருக்கிறார்கள். ‘கல்யாணச் சான்று இருக்கிறதா?’ என்பதுதான் முதல் கேள்வி. சான்றுக்கு எங்கே போவார்கள்? ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 2018இல் தளர்த்திய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று இப்படிப்பட்ட இணையருக்குத் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. இணையராகத் தத்தெடுப்பதும் அன்று ஐந்து நீதிபதிகளில் 3க்கு 2 என்ற கணக்கில் போய்விட்டது. ஒருவர் மட்டும் தனி ஆளாகத் தத்தெடுக்கலாம், சரி. அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் மற்றவர் எந்த உறவு என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்? எடுத்தவர் செத்துப்போனால் பிள்ளை யாரிடம் போகும்? இத்தனைக்கும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன் இந்தி சினிமாவில் துஷார் கபூர் 2016இலும் கரண் ஜோஹர் 2017இலும் தனி ஆளாக வாடகைத் தாய் மூலம் அப்பா ஆனார்கள். இப்போது வெளிநாடு போக வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. இங்கிலாந்தில் ஆண் இணையர் இருவரும் சட்டப்படி பெற்றோர் ஆக 2010 முதல் வழி உண்டு.

ஏழைப் பெண்களைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கவலை எனக்கு அவரைவிட அதிகம். ரத்தசோகையால் ஹீமோகுளோபின் எட்டில் நிற்கும் பெண்கள் கடல்பாசி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பதைப் பார்த்தவள் நான். அவர்களில் ஒருத்தி காசுக்காக இன்னொருவர் பிள்ளையைச் சுமப்பதை நினைத்தால் எனக்கும் பயம்தான். சுமக்கும் பெண் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்தப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான், 36 மாதம் காப்பீடு. இவையெல்லாம் நல்ல விதிகள், இருக்கட்டும். சுமப்பவளுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற விதியில்தான் எனக்குச் சந்தேகம். பணமே இல்லாமல் யார் வருவார்கள்? வீட்டுக்குள் இளைத்தவள் யாரோ, நாத்தனாரோ கொழுந்தன் பெண்டாட்டியோ, அவள் தலையில்தான் விழும். மறுத்துப் பேச அவளுக்கு எங்கே வாய் இருக்கிறது?

ஆனால் பிள்ளை கேட்டு வருகிறவர் மனைவியோடு வந்தாலும் தனியாக வந்தாலும், சுமக்கிறவளுக்கு அதே ரத்தசோகை, அதே ரத்தக்கொதிப்பு, அதே சிசேரியன். வருகிற ஆணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவளுக்கு எந்த ஆபத்து குறைகிறது? அவளுக்கான பாதுகாப்பை இன்னும் கடுமையாக்குங்கள். அவளைக் காரணம் காட்டி ஆண்களை விலக்குவதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

உங்களிடமும் ஒரு குறை. கட்டுரையில் வக்கீல் பேசினார், டாக்டர் பேசினார், பிள்ளைக்காக ஏங்கும் தம்பதி பேசினார்கள். சுமந்து பெற்றுக் கொடுத்த பெண் ஒருத்தியின் பேச்சு ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை எழுதும்போது அவளிடமும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.