தோண்ட முதல் போன் எடு

ஸ்காபரோ
ஆவணி 24

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன். அம்மாவின்ர முழங்கால் அப்பிடியேதான் கிடக்கு.

நீ கொக்காவுக்கு அனுப்பின படத்தை அவள் பெரிசாக்கிக் காட்டினவள். பக்கத்து வளவுக்காரரின்ர சின்ன ட்ரக்டர், முன்னுக்கு வாளி, வீட்டுப் பின்கதவில இருந்து கராஜ் வரைக்கும் கிடங்கு வெட்ட இழுத்த நூல். "வெட்டுற சொட்டை, அந்த மண்ணோட வாற புல்லுப் பாயை, பழுதாகாமல் எடுத்து வைக்கலாமோ எண்டு அப்பாட்டக் கேள்" எண்டு எழுதியிருக்கிறாய். 7 கிழமைக்குப் பிறகு வந்த சொல் அது, அதுவும் கொக்காவுக்கு. சரி, கேட்டியே, காணும். சொல்லுறன்.

தோண்ட முதல் போன் எடு. ஒன்ராறியோ வன் கோல் எண்டு, நிலத்துக்குள்ள ஓடுற வயர், குழாயளைக் குறிச்சுவிடச் சொல்லுற நம்பர் இருக்கு, காசில்லை. 5 வேலை நாளுக்கு முதலே சொல்லவேணும். கரண்டுக்குச் சிவப்பு, காஸுக்கு மஞ்சள், டெலிபோனுக்குச் செம்மஞ்சள் எண்டு நிலத்தில நிறம் அடிச்சு விடுவாங்கள். ஆனால் முந்தி இருந்தவர் தன்ர பாட்டுக்குக் கராஜுக்கு இழுத்த வயர் அவையின்ர கணக்கில வராது. அதை நீதான் தேடவேணும். செப்ரிக் குழாயள் ஓடுற இடத்துக்கு மேலால ட்ரக்டரை விடாதே.

புல்லை முதல் நாள் 2 அங்குலத்துக்கு வெட்டு. இரவு தண்ணி விடு, சேறாக்காதே. காலமை நூலைப் பார்த்து ரெண்டு பக்கமும் நேராக் கீறிப்போட்டுத்தான் பின்னால பூட்டுற தட்டைக் கத்தியை அடியால விடவேணும். முன் வாளியால வழிச்சு எடுக்கலாம் எண்டு ஆரும் சொல்லுவினம், கேளாதே. வாளி ஒரு இடத்தில 3 அங்குலம் போகும், அடுத்த இடத்தில வேரையே சீவிப்போடும். பிறகு அது புல்லில்லை, குப்பை. சொட் வெட்டுற பண்ணையில நாங்கள் முக்கால் அங்குல மண்ணோட எடுத்தனாங்கள். உன்ர வளவு மேடு பள்ளம், ஒண்டரை அங்குலம் வரை போகலாம். ஆகக் குறைஞ்ச கியர். நீளமா இழுத்தால் தூக்க ஏலாது, 4 அடிக்கு ஒருக்கா அறு. பண்ணைச் சுருள் 9 சதுர அடிதான், அதுவே ஈரத்தோட 15 கிலோவுக்கு மேல வரும். உனக்கு இடுப்பு நோ இருக்கு.

இருக்கைக்குப் பின்னால நிக்கிற இரும்பு வளையத்தை மடக்கி விடாதே. பெல்ட் போடு. பின்வளவு சரிவு எண்டு எனக்குத் தெரியும். வாளியில பாரத்தோட திரும்பேக்க வாளி நிலத்தோட இருக்கவேணும். இந்த நாட்டில தோட்டக்காரர் ட்ரக்டர் பிரண்டுதான் கனபேர் சாகிறவை.

எடுத்த சொட்டை சுருட்டி அடுக்காதே. இதைத்தான் நீ கேட்டனி, இதைத்தான் எல்லாரும் பிழை விடுறது. உயிருள்ள சாமான், சுருட்டினால் உள்ளுக்க மூச்சு விட்டுச் சூடாகும். பிராட்ஃபோர்ட் பண்ணையில வேலை செய்யேக்க ஆடி மாதத்தில ஒரு நாள் லொறி பிந்திப் போச்சு. பின்னேரம் அடுக்குக்க கையை விட்டனான், சுட்டுது. அடுத்த நாள் விரிச்சால் நடுச் சுருள் எல்லாம் மஞ்சள், புளிச்ச மணம். சுருட்டினால் 1 நாள்தான். மேப்பிள் நிழலில தறப்பாள் போட்டு, புல் மேல பார்க்க விரிச்சு வை, வெள்ளன ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா தண்ணி. ஒரு கிழமை தாங்கும். அதுக்கிடையில கிடங்கை மூடிப்போட வேணும்.

கிடங்கு எவ்வளவு ஆழம்? படத்தில கராஜ் சுவரோட நீலக் குழாய்ச் சுருள் கிடக்கு. தண்ணிக் குழாய் எண்டால் 4 அடிக்குக் குறையாமல் போகவேணும், இல்லாட்டி மாரியில உறைஞ்சு வெடிக்கும். மண்ணை அரை அடி அரை அடியாப் போட்டு இடிச்சு வா, இல்லாட்டி வாற வருசம் தாண்டுபோகும்.

கராஜுக்குத் தண்ணி எதுக்கு, தம்பி?

கார் கழுவ எண்டு கொக்கா சொல்லுறாள். இருக்கலாம். அந்தக் கூரை நீயே போட்டது, அம்மா கோயிலில சந்திச்ச ஆக்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினவ. எங்கட குடும்பத்தில கையால வேலை செய்யத் தெரிஞ்ச எஞ்சினியர் நீ ஒருத்தன்தான். ஆனால் அந்தக் கராஜ் யன்னலில சீலை தொங்குது. சின்னவளின்ர அறைக்கு அம்மா தைச்சுத் தந்த மஞ்சள் பூச்சீலை. நான் கேட்கேல்லை. மருமகளுக்கு அம்மா 3 தரம் போன் எடுத்தவ, எடுக்கேல்லை. அதையும் கேட்கேல்லை.

93 தை மாதம் உனக்கு 8 வயது. அப்பா சொட் வெட்டப் போட்டார் எண்டு கொம்மா உனக்குச் சொன்னவ. 7 கிழமை. நிலம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிற தையில இந்த நாட்டில ஆர் சொட் வெட்டுறது? நீ பெரியவனாகி ரெண்டு கோடை என்னோட அந்த வேலைக்கு வந்தனி. கார்த்திகையோட பண்ணை மூடுறதைக் கண்டனி. அண்டைக்கே விளங்கியிருக்கும், ஒரு சொல்லுக் கேட்கேல்லை. நான் எக்ளிங்டனில ஒரு சிநேகிதன்ர பேஸ்மென்றில கிடந்தனான். ஆரும் துரத்தேல்லை, நானாத்தான் போனது. காசு விசயத்தில கொம்மா சொன்னது சரி, எனக்கு அதைத் தாங்க ஏலாமல் போச்சு. ஒவ்வொரு இரவும் மேல போய்ப் போனைத் தூக்கிப்போட்டு வைச்சனான். கடைசியில போன் எடுத்தது கொம்மா. அவ எடுத்திராட்டி நான் எடுத்திருக்க மாட்டன். இதை நான் அவவுக்கும் சொன்னதில்லை.

திரும்பப் பதிக்கேக்க துண்டுக்குத் துண்டு இடைவெளி விடாதே, செங்கல்லு மாதிரி மூட்டு மாறி மாறி வரவேணும். பதிச்ச நாளே நல்லா மிதி. 2 கிழமை தண்ணி விடு. பிறகு ஒரு மூலையைப் பிடிச்சு மெல்ல இழுத்துப் பார், விடமாட்டன் எண்டு நிண்டால் வேர் இறங்கிட்டுது. பெல்ட் போடு.

சனிக்கிழமை கொக்கா என்னைக் கொண்டு வந்து விடுறன் எண்டவள். அவள் அண்டைக்கே திரும்பிடுவாள், நான் நிப்பன். நீ வேலைக்குப் போற நேரம் சொட்டுக்குத் தண்ணி விட ஒரு ஆள் வேணும். எனக்கு எங்க படுக்கை போடுறது எண்டு யோசியாதே. கராஜிலயே படுப்பன்.

அப்பா